கேனிபல் ஹோலோகாஸ்ட் படத்த கொண்டாடுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

"தில்லு இருந்தா பாரு"ன்னு லிஸ்ட் போடுற அண்ணன்மாருக்கும், அந்த லிஸ்ட்ட பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா படத்த தேடிப் புடிச்சு பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்கும், திகில் படம்னா உசுர விடுற எல்லாருக்கும் வணக்கம்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நான் வெளியாள் இல்ல. பேய்ப் படம், ஜோம்பி படம், ரத்தக்களறிப் படம்னு எதையும் விட்டு வெச்சதில்ல, வீட்ல திட்டு வாங்கிக்கிட்டே பாத்து வளந்தவன். எந்தப் படத்தையும் தடை பண்ணணும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, இப்பவும் சொல்லப் போறதில்ல. 1980ல ருஜ்ஜெரோ தியோடாட்டோங்கற இத்தாலிய டைரக்டர் எடுத்த கேனிபல் ஹோலோகாஸ்ட் இருக்குல்ல, மனுஷன திங்கிற கூட்டத்த படம் எடுக்க அமேசான் காட்டுக்குள்ள போயி காணாமப் போன நாலு பேரையும், அவங்கள தேடிப் போயி அவங்க எடுத்த ஃபிலிம கொண்டு வர்ற ஒரு பேராசிரியரையும் பத்தின படம், அந்தப் படத்த பத்தி நாம பேசுற விதம்தான் எனக்கு ரொம்ப நாளா முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. அத இன்னிக்கு புடுங்கி வெளிய போட்டுடலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் இந்தப் படத்த பாத்தது காலேஜ் ஹாஸ்டல்ல. பென் டிரைவ்ல கை மாறி கை மாறி வந்த காப்பி, மங்கலா இருந்துச்சு. ஆறு பேரு உக்காந்தோம், படம் முடியும்போது ரூம்ல மூணு பேருதான் மிச்சம், அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தன்னு அப்ப எனக்கு அவ்ளோ பெருமை. ஆத்தங்கரையில ஆமைய வெட்டுற காட்சி வந்தப்ப என் பக்கத்துல இருந்தவன் ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டான். "இதுக்கே பயந்துட்டியாடா"ன்னு நாங்க சத்தம் போட்டு சிரிச்சோம். அவன் பயந்து எழுந்திரிக்கலன்னு எனக்கு புரியறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் இந்தப் படத்தோட கதைன்னு நான் சொன்னது ஒண்ணுதான், நீங்களும் அதத்தான் சொல்றீங்க. சுமார் ஒரு லட்சம் டாலர் செலவுல, கொலம்பியாவுல லெட்டீசியாங்கற ஊர சுத்தி அமேசான் காட்டுக்குள்ள எடுத்த படம், மிலான்ல ரிலீஸ் ஆகி பத்தே நாள்ல பறிமுதல் பண்ணிட்டாங்க, டைரக்டர் மேல ஆபாசக் கேஸு. அப்புறம் ஒரு ஃபிரெஞ்சு பத்திரிகை இதுல வர்ற சாவுல சிலது நெஜமா இருக்கலாம்னு எழுதப் போயி, அது கொலைக் கேஸாவே மாறிடுச்சு. நடிகருங்க எங்கன்னா ஆளையே காணோம், ஏன்னா ஜனங்க இத நெஜம்னு நம்பணும்ங்கறதுக்காக ஒரு வருஷம் எங்கயும் தலை காட்டக் கூடாதுன்னு அவங்ககிட்ட முன்னாடியே எழுதி வாங்கியிருந்தாங்க. கடைசில டைரக்டரே லூகா பார்பரெஸ்கிங்கற நடிகர புடிச்சு, அவரு மூலமா மத்தவங்களையும் வரவழைச்சு, இதோ உசுரோடதான் இருக்காங்கன்னு காட்ட வேண்டியதாப் போச்சு. கழுவுல ஏத்தின பொண்ணு காட்சிய எப்படி எடுத்தோம்னு வேற வெளக்கம், இரும்புக் கம்பத்து நுனியில சைக்கிள் சீட்டு, அதுல அந்தப் பொண்ணு உக்காந்து, வாயில லேசான பால்சா கட்டைய புடிச்சுக்கிட்டு மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான். கொலைக் கேஸு போயிடுச்சு.

இத எத்தன தடவ சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல, ஒவ்வொரு தடவையும் கேக்குறவங்க கண்ணு விரியும், சொல்றதுக்கே நல்லா இருக்கும். இதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா இது பாதிக் கதை. மிச்ச பாதி என்னன்னா, கொலைக் கேஸு போன பிறகும் யாரையும் சும்மா விடல, ஆபாசத்துக்கும் மிருகவதைக்கும் சேத்து டைரக்டர், தயாரிப்பாளர், திரைக்கதை எழுதினவர்னு எல்லாருக்கும் நாலு மாசம் தண்டனை குடுத்து அத நிறுத்தி வெச்சாங்க. நடிகருங்கள கூட்டிட்டு வந்து காட்ட முடிஞ்சுது, அந்த ஆமைய கூட்டிட்டு வர முடியல.

இந்தப் படத்துக்காக ஏழு உசுரு போயிருக்கு, அதுல ஆறு திரையிலயே போகுது. மூக்கு நீண்ட, கீரிப்பிள்ள சாயல்ல இருக்குற கோவாட்டின்னு ஒரு பிராணி, ஒரு பெரிய ஆத்து ஆமை, ஒரு பன்னி, ஒரு பாம்பு, ஒரு பெரிய சிலந்தி, ரெண்டு குரங்கு. படத்துல செத்துப் போறது ஒரு குரங்குதானேன்னு நீங்க கேக்கலாம், ஆமா ஒண்ணுதான், ஆனா மொத தடவ எடுத்தது சரியா வரலன்னு ரெண்டாவது டேக் போனாங்க, அதுக்கு இன்னொரு குரங்கு வேணும்ல. ரெண்டாவது டேக்குங்கற வார்த்த சினிமாவுல எவ்ளோ சாதாரணம், வசனம் தடுமாறினா ரெண்டாவது டேக், வெளிச்சம் கொறஞ்சா ரெண்டாவது டேக். அந்த வார்த்தைக்குள்ள ஒரு உசுரு இருந்த ஷூட்டிங் இது, இத படிச்ச அன்னிக்கு நான் வேற எதையும் படிக்கல.

அந்த யூனிட்ல இருந்தவங்களாலயே இத தாங்க முடியல, இதையும் நாம சொல்றது இல்ல. பேராசிரியரா நடிச்ச ராபர்ட் கெர்மன் அந்தக் கோவாட்டி காட்சி எடுக்குறப்ப ஸ்பாட்ட விட்டே எழுந்து போயிட்டாரு. ஆமைய வெட்டுற காட்சியில கேமரா முன்னாடி அவ்ளோ குஷியா இருக்குற பெர்ரி பிர்க்கானென், எடுத்து முடிச்சதும் அழுதுட்டாரு. பன்னிய சுடச் சொன்னப்ப கார்ல் கேப்ரியல் யார்க் மாட்டேன்னுட்டாரு, அத பார்பரெஸ்கி செஞ்சாரு. அப்ப நம்ம ஹாஸ்டல் ரூம்ல எழுந்து போனவன் தனியாள் இல்ல, அங்க காட்டுக்குள்ளயே அவன மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க, படம் எடுத்தவங்களே முகத்த திருப்பிக்கிட்ட எடத்துல நாங்க மூணு பேரு கண்ண அகல விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

இப்ப ஒரு பதில் வரும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானே பல வருஷம் சொன்ன பதில்தான் அது. "அந்த மிருகங்கள அங்க இருந்த ஜனங்க சமைச்சு சாப்ட்டுட்டாங்க, அவங்க எப்பவும் சாப்புடுறதுதான், நீ மட்டும் கறி திங்கலையா?" டைரக்டரே இந்த நியாயத்த சொல்லியிருக்காரு. சரி, திங்கிறதுக்காக கொல்றது வேற விவாதம், அதுல ஆளுக்கொரு நிலைப்பாடு இருக்கும், நான் அதுக்குள்ள போகல. ஆனா அந்த ஆமைக் காட்சிய ஞாபகப்படுத்திப் பாருங்க, அது சாப்பாட்டுக்காக வெட்டுற வேகத்துலயா போகுது? கேமரா கிட்ட போகுது, நிக்குது, ஒவ்வொண்ணா காட்டுது, ஓட்ட பிரிக்கிறத காட்டுது, உள்ள துடிக்கிறத காட்டுது. பசிச்சவன் பாக்குற பார்வையா அது? பின்னாடி யாரோ சாப்ட்டாங்கங்கறதால, எதுக்காக அப்படி கொன்னாங்கங்கற கேள்வி தீந்து போயிடுமா?

அடுத்தது நான் சொல்லப் போற விஷயம்தான் என்ன இந்த மடல் எழுத உக்கார வெச்சுது. இத நம்ம ஆளுங்கள்ல ரொம்ப பேரு கவனிக்கலன்னு நெனக்கிறேன். படத்துக்குள்ள, காணாமப் போன அந்த ஃபிலிம் யூனிட் அதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு ஒரு டாக்குமெண்டரி துண்டு வரும், தி லாஸ்ட் ரோட் டு ஹெல்னு பேரு. ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சு சுட்டுக் கொல்றது, பொணத்த இழுத்துட்டுப் போறதுன்னு கொஞ்ச நேரம் ஓடும். அது முடிஞ்சதும் டிவி கம்பெனி அம்மா பேராசிரியர்கிட்ட சொல்லுவாங்க, இப்ப பாத்ததெல்லாம் செட்டப்பு, அந்தப் பசங்க இப்படித்தான் வேலை செய்வாங்கன்னு. நாமளும் சரி செட்டப்புன்னு அடுத்த காட்சிக்கு போயிடுவோம்.

அது செட்டப்பு இல்ல. அதுல இருக்குறது நைஜீரியாவுலயும் தென்கிழக்கு ஆசியாவுலயும் நெஜமா நடந்த மரண தண்டனைகளோட காட்சி, எங்கயோ நியூஸுக்காக எடுத்தத வாங்கி இதுல ஒட்டியிருக்காங்க. அதாவது இந்தப் படத்துல நெஜமாவே செத்த மனுஷங்க இருக்காங்க. அவங்க யாரு, பேரு என்ன, எதுக்காக சுட்டாங்க, வீட்ல யாரு காத்துக்கிட்டு இருந்தாங்க, எதுவும் கிடையாது. மிலான்ல அத்தன பேரும் நாலு இத்தாலிய, அமெரிக்க நடிகருங்க உசுரோட இருக்காங்களான்னு தேடிக்கிட்டு இருந்தாங்க, அதே ஃபிலிம் சுருள்ல செத்துக்கிட்டு இருந்த ஆளுங்கள பத்தி யாரும் கேக்கல. நாப்பது வருஷத்துக்கு மேல நாமளும் கேக்கல. பொய்யான சாவ நெஜம்னு சொல்லி அலற வெச்சுட்டு, நெஜமான சாவ பொய்னு சொல்லி சும்மா தாண்ட வெச்சிருக்கு இந்தப் படம், நாம அப்படியே அது சொன்னபடி அலறியிருக்கோம், சொன்னபடி தாண்டியிருக்கோம். இத தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த சைக்கிள் சீட்டு கதைய என்னால பழைய மாதிரி சொல்ல முடியல, வாய்க்குள்ளயே நின்னு போகுது.

படத்துல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா அது பொய். ரிஸ் ஓர்டோலானி போட்ட அந்த இசை, அவ்ளோ கொடூரத்துக்கு மேல தாலாட்டு மாதிரி ஓடும், கேட்டவன் மறக்க மாட்டான். காட்டுக்குள்ள கெடச்ச ஃபிலிம்னு வர்ற பகுதிய மட்டும் 16 எம்எம்ல கையில புடிச்சு எடுத்து, நெகட்டிவ்ல வேணும்னே கீறல் போட்டு, நடுவுல சத்தம் இல்லாம விட்டு, அது தானா கெடச்ச பொருள்னே நம்ப வெச்ச வேலை இருக்கே, அது பெரிய வேலைதான். 1999ல தி பிளேர் விட்ச் புராஜெக்ட் வந்து கெடச்ச ஃபிலிம் பாணிய உலகம் பூரா பரப்புச்சு, ஆனா அதுக்கு கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடியே இவரு அத இவ்ளோ முழுசா செஞ்சுட்டாரு, அந்தப் பெருமைய யாரும் எடுக்க வேணாம். ஆனா பிளேர் விட்ச் என்ன பண்ணுச்சுன்னும் யோசிங்க. அதுவும் சின்ன பட்ஜெட்தான், அதுலயும் நடிகருங்கள காணாமப் போனவங்கன்னு சொல்லித்தான் விளம்பரம் பண்ணாங்க, திரையில ரத்தம்னு பாத்தா ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம், ஒரு குச்சிக் கட்டும் செவுத்தப் பாத்து நிக்கிற ஒரு ஆளும் போதும், இன்னமும் பாத்தா முதுகு சில்லுங்குது. பயம் காட்டுறதுக்கு உசுர எடுக்கணும்னு கட்டாயம் இருந்துச்சுன்னு சொல்றவங்களுக்கு இத விட வேற பதில் வேணாம்.

இது மீடியாவ திட்டுற படம், நியூஸுக்காக என்ன வேணா செய்யுற ஆளுங்கள தோலுரிக்கிற படம்னு நம்மள்ல நல்லா படிச்சவங்க சொல்லுவாங்க. டைரக்டர் சொன்ன பின்னணியும் அதான், அந்த சமயம் இத்தாலியில ரெட் பிரிகேட்ஸ்ங்கற தீவிரவாதக் குழு பண்ண தாக்குதல்கள டிவி நியூஸ்ல எப்படி ரத்தமும் சதையுமா காட்டுனாங்கங்கறத பாத்து வந்த கோவம்னாரு. இத்தாலியில அதுக்கு முன்னாடி 1962ல இருந்தே மோண்டோ கானே மாதிரி உலக அதிர்ச்சிகள தேடித் தேடி காட்டுற டாக்குமெண்டரிங்களுக்கு ஒரு பெரிய சந்தை இருந்துச்சு, மோண்டோ கானேவுக்கு இசை போட்டவங்கள்லயும் இதே ஓர்டோலானி ஒருத்தரு. அந்தக் கோவம் எனக்கும் நியாயமாத்தான் படுது. படத்தோட கதையே, நல்ல ஃபுட்டேஜ் கெடைக்கணும்னு குடிசைய கொளுத்தி, ஜனங்கள வதைச்சு, அத ஷூட் பண்ற நாலு பேர பத்தினதுதானே. கடைசில பேராசிரியர் நடந்து போயிக்கிட்டே நெஜமாவே மனுஷன திங்கிறவங்க யாருன்னு தனக்குள்ள கேட்டுக்குவாரு. அந்தக் கேள்விய கேக்குற படத்தோட கேமராவே ஒரு கோவாட்டிய கத்தக் கத்த கொல்றத கிட்ட நின்னு எடுத்திருக்கு. பண்ணக் கூடாதுன்னு சொல்றதையே பண்ணித்தான் அது பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. சாராயத்த எதுத்து கூட்டம் போட்டுட்டு கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு சாராயம் ஊத்திக் குடுத்தா அந்தக் கூட்டத்த நாம என்னன்னு சொல்லுவோம்?

அப்புறம் அந்த ஜனங்க. இத பத்தி நம்ம லிஸ்ட்ல ஒரு வரி கூட நான் பாத்ததில்ல. மனுஷன திங்கிற கூட்டம்னு படத்துல காட்டுறாங்களே, அதுக்கு கற்பனையா ஒரு பேரு வெச்சிருந்தா கூட பரவால்லன்னு விட்டிருப்பேன், யானோமாமோ, ஷமடாரின்னு நெஜமான பேர தூக்கி வெச்சிருக்காங்க. படத்துல யானோமாமோன்னு சொல்ற யானோமாமி ஜனங்க இருக்குறது பிரேசில் வெனிசுலா எல்லைக் காட்டுல, படம் எடுத்த லெட்டீசியாவுல இருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, நடிச்சது அவங்க இல்ல, லெட்டீசியா பக்கத்து ஆளுங்க. யானோமாமிகள்ல யாராவது செத்துட்டா உடம்ப எரிச்சு, எலும்ப பொடி பண்ணி, வாழப்பழக் கஞ்சியில கலந்து சொந்தக்காரங்க குடிப்பாங்க, செத்தவங்க மேல இருக்குற பாசத்துல, அவங்கள மண்ணுல தனியா விட மனசில்லாம செய்யுற சடங்கு அது. அந்த ஜனங்களோட பேர எடுத்துத்தான் வெள்ளக்காரன் குடல உருவி திங்கிற காட்சிக்கு ஒட்டுனாங்க.

அதுக்கப்புறம் அந்த ஜனங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கன்னா வயிறு எரியும். படம் வந்து சில வருஷத்துல, 80கள்ல, தங்கம் தோண்டுறவங்க ஆயிரக்கணக்குல அவங்க காட்டுக்குள்ள பூந்தாங்க, மலேரியாவும் காய்ச்சலும் கொண்டு போனாங்க, ஆத்துல பாதரசத்த கலந்தாங்க, குழந்தைங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. டாவி கோபெனாவா மாதிரி அவங்க தலைவருங்க உலகம் முழுக்க போயி மன்றாடி 1992லதான் பிரேசில் அரசாங்கம் அந்த நிலத்த அவங்களுதுன்னு ஒத்துக்குச்சு. அடுத்த வருஷமே, 1993ல, ஹஷிமூங்கற எடத்துல தங்கம் தோண்டுறவங்க 16 யானோமாமிகள கொன்னாங்க, அதுல குழந்தைங்களும் உண்டு, பிரேசில் கோர்ட்டு அத இனப்படுகொலைன்னே தீர்ப்பு சொல்லுச்சு. 2023 ஜனவரியில கூட அங்க பட்டினியும் நோயும் தாங்காம சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாச்சு. படத்தாலதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு நான் சொல்லல, அப்படிச் சொன்னா அநியாயம். ஆனா அந்த 80கள்ல வீடியோ கடை அலமாரியில அவங்க பேரு மனுஷன் திங்கிற கூட்டம்னு இருந்துச்சு, காட்டுல அவங்க இப்படி செத்துக்கிட்டு இருந்தாங்க, ரெண்டும் ஒரே காலத்துல நடந்தது. அவங்கள பத்தி நம்மள்ல முக்காவாசி பேருக்கு தெரிஞ்சது அந்த அலமாரியில இருந்ததுதான், எனக்கும் அப்படித்தான்.

"50 நாட்டுல தடை" விஷயத்துக்கு வர்றேன், சீக்கிரம் முடிச்சுடுறேன். போஸ்டர்லயும் டிவிடி அட்டையிலயும் பல வருஷமா இருக்குற வரி இது, லிஸ்ட் போடுறவங்க எல்லாரும் அப்படியே எடுத்துப் போடுறாங்க. அந்த 50 நாட்டோட பேர வரிசையா யாராவது எழுதிக் காட்டி நான் பாத்ததே இல்ல. இத்தாலியில தடை இருந்துச்சு, வேற சில நாடுங்கள்லயும் இருந்துச்சு, அது உண்மை. பிரிட்டன்ல 80கள் ஆரம்பத்துல வீடியோ படங்கள பாத்து பெரிய பீதி கெளம்புனப்ப வழக்கு போட வேண்டிய படங்க பட்டியல்ல இதுவும் இருந்துச்சு. அங்க அத வெளியிட்ட வீடியோ கம்பெனிக்காரங்களே, பரபரப்பு கெளப்பறதுக்காக, தங்களோட படத்த பத்தி தாங்களே புகார் கடிதம் அனுப்புனாங்கன்னு ஒரு கதை ரொம்ப காலமா சொல்லப்படுது. 1984ல வீடியோவுக்கு தனிச் சட்டமே வந்துச்சு. தடைங்கறது இந்தப் படத்துக்கு வந்த தண்டனைன்னு நாம நெனக்கிறோம், ஆனா அத காலங்காலமா காசாக்கிக்கிட்டே வந்திருக்காங்க, நாம காசு வாங்காம அதே விளம்பரத்த அவங்களுக்கு பண்ணிக் குடுக்குறோம்.

பிரிட்டன்ல அப்புறம் நடந்தது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். 2001ல அஞ்சே முக்கால் நிமிஷத்துக்கு கிட்ட வெட்டி அனுமதிச்சாங்க. 2011ல மறுபடி பாத்தப்ப, முன்னாடி வெட்டுனதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு, வெறும் 15 செகண்டு மட்டும் வெட்டுனாங்க, அது அந்தக் கோவாட்டி சாகுற காட்சி. 1937ல இருந்தே அங்க ஒரு சட்டம் இருக்கு, படத்துக்காகன்னு ஏற்பாடு பண்ணி ஒரு மிருகத்த வதைச்சா அத காட்டக் கூடாது, ஆனா பட்டுன்னு ஒரே வெட்டுல முடிஞ்சா அது வதைன்னு கணக்குல வராது. அதனால ஆமையும் குரங்கும் மிஞ்சுன படத்துல இருக்கு. அந்தக் கோடு சரியான எடத்துல விழுந்துச்சான்னு நீங்க சண்ட போடலாம், நானும் போடுவேன், என்ன கேட்டா ஆமைக்கும் அந்த 15 செகண்டு மாதிரி ஒரு வெட்டு விழுந்திருக்கணும். ஆனா கவனிங்க, முப்பது வருஷம் கழிச்சு எல்லா பீதியும் அடங்குன பிறகு, ஒரு தணிக்கை வாரியம் நிதானமா உக்காந்து பாத்தப்ப, இந்தப் படத்துல இன்னமும் தப்புன்னு மிஞ்சுனது ஒரு சின்னப் பிராணியோட கதறல்தான். நம்ம லிஸ்டுங்கள்ல அந்தக் கதறலுக்கு பேரு "ரியலிசம்", அதுக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க்கு.

தியோடாட்டோ 2022 டிசம்பர்ல எறந்துட்டாரு. அவரு கடைசி காலத்துல பல பேட்டியில மிருகங்கள படத்துல கொண்டு வந்தது தன்னோட முட்டாள்தனம்னு ஒத்துக்கிட்டாரு. எல்லாத்தையும் ஒத்துக்கல, சாப்ட்டாங்கங்கற நியாயத்தையும் விடல, ஆனாலும் அவ்ளோ தூரமாவது வந்தாரு. எடுத்தவரே தப்புன்னு சொன்ன எடத்த நாம இன்னமும் சாதனைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம், அதுதான் எனக்கு தாங்கல.

நான் உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. படத்த அழிக்கணும்னோ பாக்குறவன் கெட்டவன்னோ சொல்லல, சினிமா சரித்திரத்துல அதுக்கு எடம் இருக்கு, பேசித்தான் ஆகணும். ஆனா கோர்ட்டு கதைய சொன்னா அந்த நாலு மாச தண்டனையையும் சேத்து சொல்லுங்க, அது எதுக்காக வந்துச்சுன்னும் சொல்லுங்க. சைக்கிள் சீட்ட பத்தி சொல்ற வாயால அந்த நைஜீரிய காட்சி செட்டப்பு இல்லன்னும் சொல்லுங்க, அங்க நெஜமா மனுஷங்க செத்தாங்கன்னு ஒரு வார்த்த. யானோமாமிங்கறது நெஜமான ஜனங்களோட பேருன்னு, அவங்க யாரையும் அப்படி திங்கிறது இல்லன்னு சொல்லுங்க. 50 நாட்டு கணக்க விட்டுடுங்க. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மிருகங்கள துன்புறுத்தலன்னு ஒரு கார்டு போடுவாங்களே, அத பாத்து பாத்து பழகுன சின்னப் பசங்க இதுலயும் எல்லாம் கிராஃபிக்ஸ்னு நெனச்சுக்கிட்டுதான் உக்காருவாங்க, அவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, உக்காரலாமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும். அமெரிக்காவுல கிரைண்ட்ஹவுஸ் ரிலீசிங் போட்ட டிஸ்க்குல மிருகங்கள கொல்ற காட்சி இல்லாம படத்த பாக்குற வசதியே இருக்கு. நான் அப்படி ஒரு தடவ பாத்தேன், பயம் ஒரு பொட்டு கூட கொறையல, நெஞ்ச அழுத்துற அந்த கனம் மட்டும் கொறஞ்சுது. முழுசா பாக்கலன்னா பாத்ததே இல்லன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு சண்ட இல்ல, ஆனா எழுந்து போறவன பாத்து சிரிக்காதீங்க, அது மட்டும் வேணாம்.

எங்க ரூம்ல எழுந்து போனவனுக்கு போன வாரம் போன் பண்ணேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்கோம், இப்படி ஒரு மடல் எழுதப் போறேன்னு சொல்லிட்டு அன்னிக்கு சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கடான்னேன். அவனுக்கு நாங்க சிரிச்சதே ஞாபகம் இல்ல. படத்தோட பேரும் சட்டுன்னு வரல அவனுக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அந்த ஆமையோட காலு அதுக்கு அப்புறமும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுல்லடா"ன்னு கேட்டான்.

அன்போட,
உங்கள்ல ஒருத்தன்